கருமருந்து ஆசையோடு வருபவர்களுக்கு: குமரியில் ஏர் ரைஃபிள் சுடப் பழகும் வழி

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற வழியில், புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியானார். இந்தக் கோட்டைக்குள் அவர் பீரங்கி வார்க்கும் உலை வைத்திருந்தார். அவருடைய கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. போன வருஷம் என் அக்கா மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பையனுக்குப் பதினேழு வயது. கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கேட்டான்: "மாமா, அந்தக் காலத்துக் கருமருந்துத் துப்பாக்கிய இப்பச் சுட முடியுமா?"

அவன் கேட்டதற்குக் காரணம் டி லனாய் அல்ல, யூடியூப். கருமருந்து என்பது புகை கக்கும் அந்தக் காலத்து வெடிமருந்து. அமெரிக்காவில் அதை அடைத்த தோட்டாவால் ரைஃபிள் சுடுவது தனி விளையாட்டு. 1873-ல் அந்நாட்டு ராணுவம் எடுத்துக்கொண்ட .45-70 தோட்டாவும், ஷார்ப்ஸ் மாதிரியான ஒற்றைத் தோட்டா ரைஃபிளும் அதில் பிரபலம். முதல் எண் குழலின் அகலம், அங்குலக் கணக்கில். அடுத்தது மருந்தின் எடை, கிரெயின் கணக்கில். பித்தளைக் கூட்டுக்குள் மருந்தை அளந்து போட்டு, முன்னால் ஈயக் குண்டைப் பொருத்தி, இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களைச் சுடுவார்கள். 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக் கடா. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலுக்குள் கரி படியும். அதை இளக்க ஒரு சின்னக் குழாயைப் பின்பக்கம் செருகி வாயால் ஊதுவார்கள். மூச்சிலுள்ள ஈரம் பட்டால் கரி இளகிவிடும். அந்தப் புகையின் வாசனை எப்படி இருக்கும் என்று குமரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோவிலில் கதினா வெடித்தபின் புகை நம் பக்கம் திரும்பும் பாருங்கள், அதேதான்.

சரி, இங்கே முடியுமா? ஆசை தீர்கிற மாதிரி முடியாது. கருமருந்தோ புதுமருந்தோ, தோட்டா போட்டுச் சுடும் எந்தத் துப்பாக்கிக்கும் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பொதுவாக இருபத்தொரு வயது முடிந்திருக்கவேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்று காரணம் காட்டவேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. கிடைத்தபிறகும், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டு ஒப்படைக்கச் சொல்வார்கள். குடகில் கொடவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு இருப்பது உண்மைதான், அது நமக்கு இல்லை. தாத்தா வைத்திருந்த துப்பாக்கி மச்சில் கிடக்கிறது என்பவர்கள், அதைத் துடைக்க எடுப்பதற்கு முன்னால் உரிமம் யார் பேரில், எதுவரை என்று பாருங்கள். மருந்தை வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. அது குற்றம். விரல் போவது அதற்கு அடுத்த பிரச்சினை.

அதனால் இந்தக் கட்டுரை, மருந்தில்லாமல் அழுத்திய காற்றால் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிளைப் பற்றியது. கருமருந்து கிடைக்காதவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று இதை நினைக்கவேண்டாம். இரண்டுக்கும் ஒரு முக்கியமான ஒற்றுமை உண்டு. இரண்டிலும் குண்டு மெதுவாகப் போகும். கருமருந்துக் குண்டு 500 மீட்டர் தள்ளியுள்ள கடாவைத் தொட ஒன்றரை நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஏர் ரைஃபிளில் தூரம் பத்து மீட்டர்தான், ஆனால் குண்டு குழலைவிட்டு வெளியேறவே நேரம் பிடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் விசை (டிரிகர்) விடுபட்டதிலிருந்து குண்டு வெளியே வருவதற்குள் கிட்டத்தட்ட நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். அதற்குள் உள்ளேயிருக்கும் பிஸ்டன் ஓடி முட்டித் துப்பாக்கியை ஒரு உலுக்கு உலுக்கிவிடும். சுட்டபிறகும் அசையாமல் நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் இரண்டு விளையாட்டும். இதை ஏர் ரைஃபிளில் படித்துவிட்டு, என்றாவது வெளிநாட்டில் ஒரு ஷார்ப்ஸ் கைக்கு வந்தால், நீங்கள் புதிதாகப் பழகவேண்டியது அந்த ஊதுகுழலை மட்டும்தான் என்று நான் சொல்வேன். கொஞ்சம் மிகைதான்.

சட்டம் எதுவரை விடுகிறது

குழல் 4.5 மில்லிமீட்டருக்கு (.177) மிகாமலும், குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கடையில் உங்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். கொடுத்துவிட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். .22 குழல் ஏர் ரைஃபிளை யாராவது 'ஒண்ணும் ஆகாது' என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். போட்டிக்கு அது உதவாது, உரிமமும் வேண்டும். போட்டி ரைஃபிளின் குண்டு அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எடை, நொடிக்கு 175 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் எட்டு ஜூல்தான் வருகிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்க அந்த எட்டு போதும்.

பறவையைச் சுடுவது பற்றி ஒரே வரி: 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தேரூர் குளத்தில் கொக்கும் நாரையும் இறங்கும் காலத்தில் ஏர் கன்னோடு சுற்றும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குளம் 2022-லிருந்து சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் என்ற பேரில் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. மயிலோ அணிலோ தோட்டத்தில் நாசம் செய்தால் வேறு வழி பாருங்கள். இந்த விளையாட்டில் குறி காகிதம் மட்டும்தான்.

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் செய்கிற முதல் தப்பு, துப்பாக்கி வாங்குவது. நானும் செய்தேன். சென்னையில் ஒரு கடையில் 'வேகம் அதிகம், இதுதான் பெஸ்ட்' என்று கையில் திணித்த கனமான ஸ்பிரிங் ரைஃபிளை வாங்கி வந்தேன். ஸ்பிரிங்கை அழுத்தக் குழலை மடக்கவே தோள்பட்டை வலித்தது. ஆறு மாதம் சுட்டும் ஒரு தட்டளவுக்குள் பத்துக் குண்டைச் சேர்க்க முடியவில்லை. தப்பு துப்பாக்கியில் பாதி, என்னிடம் பாதி. எது எந்தப் பாதி என்று அப்போது தெரியாததுதான் பெரிய கஷ்டம்.

முதலில் வேறொருவரின் துப்பாக்கியில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள். கல்லூரியில் படிப்பவர் என்றால் என்சிசியில் சேருங்கள். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் அதற்கு இடமுண்டு. அங்கே .22 ரைஃபிளைப் படுத்துக்கொண்டு சுடக் கற்றுத்தருவார்கள். துப்பாக்கியை எப்படித் தூக்குவது, எப்படி வைப்பது என்ற ஒழுங்கு அங்கே இலவசமாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு, எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவு ரேஞ்ச் இருக்கிறது. 2015-ல் அங்கே நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைத்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போனாலும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். யாருக்கு எப்போது அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் முழுக்க நல்ல ஆட்கள் சுடுவதைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பதே பாதிப் பாடம். தமிழ்நாட்டுக்குள் என்றால் மதுரையில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. பின்னால் போட்டிக்குப் போக ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தாகவேண்டும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்த ரைஃபிளை எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோகும் காலம் வரும்போது, உறைக்குள் போட்டு, பில்லும் ஆதாரும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸில் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பக்கத்து சீட்டுக்காரருக்கு அது எட்டு ஜூல் என்று தெரியாது.

எந்தக் கண், எப்படி நிற்பது

இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்திலுள்ள ஒரு கதவுக் கொண்டியைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கொண்டி மறைகிறதோ, அதுதான் உங்கள் முதன்மைக் கண். வலதுகைக்காரருக்கு இடது கண் முதன்மையாக இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் இடது தோளில் வைத்துப் பழகுவதே நல்லது. ஆரம்பத்தில் அந்நியமாக இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகம் முழுதும் இறுகும், சீக்கிரம் அசரும். நெற்றியில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு அந்தக் கண்ணை மறைத்தால் போதும்.

அப்புறம்தான் நிற்பது. அக்கா மகனுக்கு நான் முதல் நாள் குண்டு தரவே இல்லை. வீட்டு வராந்தாவில், சுவரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அதைப் பார்த்து நிற்கச் சொன்னேன். குறியைப் பக்கவாட்டில் பார்த்து, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து. இடது இடுப்பு குறியை நோக்கிக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கவேண்டும். இடது முழங்கை அந்த இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்காரவேண்டும். துப்பாக்கியின் பாரம் கைத்தசையில் இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் நடுங்கும். எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கினால் நடுங்காது. தலையைக் கட்டையின் மேல் சாய்க்காமல், கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

அவன் மூன்று நிமிஷம் நின்றான். "மாமா, எப்பச் சுடலாம்?"

"லே மக்கா, முதல்ல நில்லு."

கண்ணை மூடச் சொன்னேன். இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறக்கச் சொன்னேன். குழல் புள்ளிக்கு ஒரு சாண் வலப்பக்கம் போயிருந்தது. உடனே கையால் இழுத்துச் சரிசெய்யப் பார்த்தான். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கையால் இழுத்துப் பிடித்தால், சுடும் நேரத்தில் உடம்பு தன் பழைய இடத்துக்குப் போகும், குண்டும் கூடவே போகும். மாற்றவேண்டியது கால். பின்னங்காலை இரண்டு விரல்கடை நகர்த்தினான். மறுபடி கண்ணை மூடினான். நாலாவது தடவை கண் திறந்தபோது குழல் புள்ளியின் மேல் தானாக நின்றது. "ஆங்!" என்றான். அந்த 'ஆங்' வருகிறவரை குண்டு தரக்கூடாது என்பது என் கொள்கை.

மூச்சு, விசை, அதன் பிறகு

குறி பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். இயல்பாக வெளியே விட்டபின் மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அந்த இடைவெளிதான் உங்களுடையது. அதை ஆறேழு நொடி, எட்டுவரை நீட்டலாம். அதற்குள் சுடவில்லையென்றால் கீழே இறக்கிவிடுங்கள். பிடிவாதமாக நின்றால் கண் மங்கும், கை ஆடும். 'சரி போகட்டும்' என்று விசையை அடித்துவிடுவோம். இறக்கத் தெரிவது ஒரு திறமை. இதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

துப்பாக்கியின் மேலே குறிபார்க்க இரண்டு குறிப்பான்கள் உண்டு: குழல்நுனியில் முன்குறி, கண்ணுக்குப் பக்கத்தில் பின்குறி. பார்வை கூர்மையாக முன்குறியின் மேல் இருக்கவேண்டும். காகிதத்திலுள்ள கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பின்குறி) என்றால், முன்வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை ஒரே அளவாகத் தெரியவேண்டும். விசையை விரலின் நுனிச் சதையால், நேராகப் பின்னோக்கி மட்டும் அழுத்துங்கள். எப்போது விடுபடும் என்று உங்களுக்கே தெரியாத அளவு மெதுவாக.

விடுபட்ட பிறகு? அப்படியே நில்லுங்கள். விரலை எடுக்காமல், தலையைத் தூக்காமல், எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்காமல், முன்குறியைப் பார்த்தபடி மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். குண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களின் தப்புகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு எண்ணிக்கைக்குள் நடப்பவை என்பது என் கணிப்பு.

முதல் சில வாரம் மையத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்துக் குண்டும் ஒரு இடத்தில் சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூலையில் சேர்ந்தாலும் சந்தோஷப்படுங்கள். பின்குறியைத் திருகி மையத்துக்குக் கொண்டுவருவது ஐந்து நிமிஷ வேலை. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்தவேண்டும். மேலும் கீழுமாகச் சிதறினால் பெரும்பாலும் மூச்சில் கோளாறு. இடம்வலமாகச் சிதறினால் காலையும் விசைவிரலையும் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் ஒரு ரேஞ்ச்

பத்து மீட்டர் என்பது நம் ஊர் வீடுகளில் முன்வாசலிலிருந்து அடுக்களை வாசல்வரை கிடைத்துவிடும். ஆனால் நடுவில் அறைக்கதவு ஒன்றும் திறக்கக்கூடாது. என் வீட்டில் சுடும் நேரத்தில் உள்பக்கம் தாழ் போட்டு, சாவிக்கொத்தைக் கொண்டியில் தொங்கவிடுவோம். வெளியே தோட்டத்தில் என்றால் குறிக்குப் பின்னால் மண்மேடோ உயரமான சுவரோ இருக்கவேண்டும். குறி தப்பிய குண்டு இருநூறு மீட்டரையும் தாண்டிப் போகும்.

எங்கே சுடக்கூடாது என்பதை அனுபவத்தில் படித்தேன். தென்னந்தோப்பில் ஒரு மரத்தில் காகிதத்தைக் குத்திச் சுட்டேன். நாலாவது குண்டு மரத்தில் பட்டுத் திரும்பி என் காதோரம் விர்ரென்று போனது. தென்னை பார்க்க மெத்தென்று தெரியும், அதன் மேல்தோல் இரும்பு மாதிரி. பழைய டயரும் அப்படித்தான் திருப்பி எறியும். வெட்டுக்கல் சுவரும் வேண்டாம். ஒரு மரப்பெட்டி செய்து, முன்பக்கம் திறந்துவிட்டு, உள்ளே மணல் நிரப்பிய சாக்கை வையுங்கள். அதன் முன்னால் காகிதம். மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம், போட்டியில் வைக்கும் அதே அளவு. கண்ணாடி போடாமல் யாரும் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்ப்பவரும்தான். குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ. குண்டை வாயில் கவ்விக்கொண்டு நிரப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

மடக்கும் ரைஃபிளில் குண்டு வைக்கும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. விசை தவறினால் குழல் சாட்டை போல நிமிர்ந்து விரலை நறுக்கும். இன்னொன்று: ஸ்பிரிங் ரைஃபிளைக் குண்டில்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள். குண்டின் எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் போய் முட்டி சீல் கெட்டுவிடும். அழுத்தக்காற்றைச் சிலிண்டரில் அடைத்த போட்டி ரைஃபிள்களில் வெறும்விசை பழகத் தனி ஏற்பாடு இருக்கும்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு இருப்பவர்கள் வெளியே சுடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டார்கள்? அரை கிராம் குண்டைக் காற்று பத்து மீட்டருக்குள்ளேயே தள்ளும். விடியற்காலை ஒரு மணி நேரம் கிடைத்தால் பாக்கியம்.

வாங்கும்போதும் வாங்கியபிறகும்

மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு உள்நாட்டு மடக்கு ரைஃபிள் கிடைக்கும். பழக அது போதும். போட்டிக்கான அழுத்தக்காற்று ரைஃபிள் லட்சத்தைத் தாண்டும், அதோடு கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று தனிச் செலவு. நடுவில் எதையும் வாங்குவது வீண் என்பது என் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. குண்டு மட்டும் மலிவாக வேண்டாம். தட்டைத் தலைக் குண்டு வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக வெட்டும், எண்ணிப் பார்க்கச் சுலபம். ஒரே துப்பாக்கிக்கு ஒரு டப்பா சேரும், இன்னொன்று சேராது. இரண்டு மூன்று வகை சுட்டுப் பார்த்தபிறகு மொத்தமாக வாங்குங்கள்.

பராமரிப்பில் நமக்கு எதிரி கடல். முட்டம், குளச்சல் பக்கம் ஜன்னல் கம்பியே வருஷத்தில் அரித்துவிடும் என்பது தெரிந்ததுதானே. தொட்ட ஒவ்வொரு தடவையும் விரல்வியர்வையை எண்ணெய்த்துணியால் துடையுங்கள். நுரைவைத்த உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். நுரை ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். ஒரு ஐப்பசி அடைமழைக்கு அப்படி விட்டு, திறந்தபோது குழலில் காவி பூத்திருந்தது. ஜாக்கெட்டில் பூஞ்சணம் வேறு.

எண்ணெய் என்றதும் அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். என் நண்பர் ஒருவர் தேங்காயெண்ணெயைக் காற்றறைக்குள் சொட்டினார். நமக்கு எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தானே. விசையை அழுத்தியதும் டமாரென்று சத்தம், குழல்வாயில் புகை. அழுந்திய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது, டீசல் எஞ்சினில் நடப்பதுதான். "பாத்தியா, கருமருந்து!" என்று சிரித்தார். அடுத்த வாரம் சீல் போயிற்று. வெளி உலோகத்துக்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய், காற்றறைக்கு எதுவும் வேண்டாம். அவ்வளவுதான்.

போட்டி என்றால்

குறியின் வெளிவட்டத்தின் அகலம் 45.5 மில்லிமீட்டர். பத்து மதிப்பெண்ணுக்கான இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா நுனி தொட்ட அளவு. 75 நிமிஷத்தில் 60 குண்டு. பத்துக்குள்ளேயும் பின்னம் உண்டு, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. ஆக மொத்தம் 654. ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் சுட்டதும் இதையே. மாநில அளவில் சாதாரணத் திறந்த குறிப்பானோடு சுடும் பிரிவும் நடத்துகிறார்கள். உள்நாட்டு ரைஃபிளோடு முதல் தடவை போக அதுவே தோது.

போட்டிக்குப் போகிறீர்களோ இல்லையோ, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, குண்டு வகை, எத்தனை மணிக்குச் சுட்டீர்கள், ஒவ்வொரு குண்டும் எங்கே போனது, ஏன் என்று உங்களுக்குத் தோன்றுவது. மதிப்பெண்ணைவிட அந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம். அக்கா மகனும் ஒன்று வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒன்பது குண்டை ஒரு ரூபாய் நாணயம் மூடுகிறது. ஒன்று மட்டும் மேலே தனியாகப் போயிருக்கிறது. அதற்கு நேரே எழுதியிருக்கிறான்: "7-வது குண்டு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சுட்டதும் தலையத் தூக்கிட்டேன்."